படுக்கை நனைந்தால் கூப்பிடும் அலாரம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தூக்கத்தில் படுக்கையிலேயே சிறுநீர் போகும் பிள்ளைக்காக அலாரம் வாங்கும் பெற்றோர் பலர், இரண்டு வாரத்திலேயே அதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "அலாரம் அடித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுகிறோம், இவன் மட்டும் எழுவதே இல்லை." பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்கள் அப்படித்தான் போகும். அந்த வாரங்களில் பிள்ளையை எழுப்ப வேண்டியது நீங்கள்தான். எப்போது எழுப்ப வேண்டும் என்பதை மட்டும் அலாரம் சொல்லும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கும் வீடுகளில்தான் அது கடைசிவரை பயன்படுகிறது.

முதலில், அலாரம் எந்த வேலைக்கு?

ஈரத்தை உணர்ந்து ஒலிக்கும் கருவி எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு வெவ்வேறு வேலைகள் உண்டு. ஒன்று, கற்றுக்கொடுப்பது. சிறுநீர்ப்பை நிறைந்ததைத் தூக்கத்திலும் உணர்ந்து அடக்கவோ எழவோ பிள்ளையின் மூளையைப் பழக்குவது. மற்றொன்று, தகவல் சொல்வது. படுத்த படுக்கையாக இருப்பவர், மறதி நோய் உள்ள முதியவர் போன்றோர் நனைந்துவிட்டார் என்று கவனித்துக்கொள்பவருக்குத் தெரிவிப்பது. முதல் வேலைக்குச் சில மாதம் போதும், அப்புறம் அலாரம் தேவைப்படாது. இரண்டாவது வேலைக்குத் தேவை இருக்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியவை. 1904-இல் ஃபவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் படுக்கை நனைந்ததும் செவிலியருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு மணியைப் பொருத்தினார். துணியை உடனே மாற்றுவதுதான் நோக்கம். ஆனால் மணி அடிக்க அடிக்க, சில பிள்ளைகள் படுக்கையை நனைப்பதே குறைந்தது. 1938-இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதி இதையே முறையான சிகிச்சையாகச் செய்து பார்த்து எழுதினார்கள். இன்று விற்கும் அலாரங்களின் அடிப்படை அதே தத்துவம்தான்: சிறுநீரில் உப்புகள் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். சென்சாரில் உள்ள இரண்டு உலோகக் கோடுகளுக்கு இடையே ஈரம் பட்டதும் மின்சுற்று முழுமையாகி ஒலி எழும். பேட்டரியின் மின்னழுத்தம் மிகக் குறைவு, ஷாக் அடிக்காது.

பிள்ளையிடம் குற்றம் எதுவும் இல்லை

இதை வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பிள்ளை, கேட்டாக வேண்டும். 5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அவர்களில் ஏழில் ஒரு பங்கினருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் பெரியவரான பிறகும் தொடர்கிறது. பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடும், இருவருக்கும் இருந்திருந்தால் இன்னும் கூடும். அப்படி இருந்திருந்தால் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். "அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது" என்ற ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

உடம்புக்குள் நடப்பது மூன்று விஷயம். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே சுருங்கிவிடுகிறது. இந்த இரண்டோடு, பை கொடுக்கும் சைகைக்கு மூளை விழித்துக்கொள்வதில்லை. சோம்பல், அலட்சியம், வீம்பு எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. தூங்கும் பிள்ளை எதையும் வேண்டுமென்று செய்வதில்லை. அதனால் திட்டுவதும் அடிப்பதும் வெட்கப்படுத்துவதும் அநியாயம், பலனும் தராது.

வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்

6 மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். அதோடு திடீரென்று தாகம் கூடி, நிறையச் சிறுநீர் போய், உடம்பும் இளைத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அது நீரிழிவாக இருக்கலாம். சிறுநீர் போகும்போது எரிச்சல், பகலிலும் கசிவு, மெல்லிய தாரையாக முக்கி முக்கிப் போவது, நடையில் மாற்றம், கீழ்முதுகில் வழக்கத்துக்கு மாறான குழியோ மயிர்க்கொத்தோ இருப்பது, தூக்கத்தில் பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறல் என இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள்.

மலச்சிக்கலைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது அதுதான். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அது நிறைந்து கிடந்தால் பையை அழுத்தும், பை விரிய இடம் இருக்காது. "இவன் தினமும் போகிறானே" என்று நினைக்கும் வீட்டிலும் மலம் மிச்சம் தங்கிக்கொண்டிருக்கலாம். கெட்டியாக, உருண்டை உருண்டையாகப் போகிறதா, உள்ளாடையில் கறை படிகிறதா என்று பாருங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே சில பிள்ளைகளுக்குப் படுக்கை நனைவது நின்றுவிடும், அலாரமே தேவைப்படாது.

இரண்டு வாரக் குறிப்பேடு

அலாரம் வாங்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த இரவு நனைந்தது, தோராயமாக எத்தனை மணிக்கு, ஈரம் சின்னதா பெரியதா, ஒருமுறையா இரண்டு முறையா. பகலில் எப்போது என்ன குடித்தான், எத்தனை முறை கழிப்பறை போனான் என்பதும் வேண்டும். ஒரு விடுமுறை நாளில் ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் அளவுக் குவளையில் அளந்து பார்க்கலாம். வயதோடு 1 கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் சிறுநீர்ப்பைக் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 7 வயதுப் பிள்ளைக்கு 240. பகலில் ஒரே முறையில் மிக அதிகமாகப் போகும் அளவே அதைவிட மிகவும் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த நோட்டு எழுதும்போதே பல வீடுகளில் ஒன்று வெளிப்படும்: பிள்ளை பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை, மாலை வீட்டுக்கு வந்துதான் எல்லாவற்றையும் குடிக்கிறது. இதை மாற்றுங்கள். குடிக்கும் மொத்த அளவைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மட்டும் முன்னால் நகர்த்துங்கள். காலையிலும் மதியமும் நன்றாகக் குடிக்கட்டும், படுக்கும் முன் ஒரு மணி நேரம் நிறுத்தட்டும். காபி, டீ, கோலா மாலைக்கு மேல் வேண்டாம். பகலில் 4 முதல் 7 முறை கழிப்பறை, படுக்கும் முன் கட்டாயம் ஒருமுறை. காலுக்குக் கீழே ஒரு முக்காலி வைத்து நிதானமாக உட்காரச் சொன்னால் பை முழுவதும் காலியாகும்.

வாரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாக நனைந்தால் அலாரத்தால் அதிகப் பயன் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அலாரம் அடிக்கடி ஒலிக்க வேண்டும். பிள்ளைக்கே ஆர்வம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடலாம். பொதுவாக 6, 7 வயதுக்குமேல் "எனக்கு இது நிற்க வேண்டும்" என்று பிள்ளையே சொல்லும், அதுதான் நல்ல நேரம். இன்னொன்றும் உண்டு: வீட்டில் யாராவது இந்த விஷயத்தில் கோபத்தின் உச்சியில் இருந்தால் இப்போது தொடங்காதீர்கள். நடு இரவில் தூக்கம் கெட்டால் அந்தக் கோபம் பிள்ளைமேல்தான் விழும். புதுக் குழந்தை பிறந்த வீடு, தேர்வு மாதம், வீடு மாறும் நேரம் இவையும் வேண்டாம்.

எந்த அலாரம் எடுப்பது

உடலில் அணியும் வகையில் சென்சாரை உள்ளாடையில் மாட்டி, ஒயரைச் சட்டைக்கு உள்ளே கொண்டுபோய், ஒலிக்கும் பெட்டியைத் தோளருகே குத்திவிடுவார்கள். சில துளி ஈரத்திலேயே அடித்துவிடும் என்பது இதன் பெரிய பலம். ஒயர் எப்போதும் சட்டைக்கு உள்ளேதான் போக வேண்டும், கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஒயர் இல்லாத வகையில் ஒலிக்கும் பெட்டி தள்ளி இருக்கும். பிள்ளை எழுந்து நடந்து போய்த்தான் நிறுத்த வேண்டும் என்பதால் அரைத்தூக்கத்தில் அணைத்துவிட்டுத் தூங்குவது குறையும். பெற்றோர் அறையிலும் ஒலிக்கும் இரண்டாவது பெட்டி சேர்ந்து வந்தால் மிகவும் நல்லது.

மெத்தைமேல் விரிக்கும் வகையும் உண்டு. உடம்பில் எதையும் மாட்டுவது பிடிக்காத பிள்ளைகளுக்கு அது சரி. ஆனால் ஈரம் துணியைத் தாண்டி விரிப்புக்கு வர நேரமாகும், பிள்ளை புரண்டு விலகிவிட்டால் அடிக்காமலும் போகும். வேறு காரணம் இல்லையென்றால் அணியும் வகையையே எடுங்கள் என்பது என் கருத்து.

ஒரே அறையில் பலர் தூங்கும் வீட்டுக்கும், காது கேளாத பிள்ளைக்கும் அதிர்வு அலாரம் இருக்கிறது. மற்றபடி விலை கூடிய கருவிதான் நன்றாக வேலை செய்யும் என்றில்லை. ஒலி பலமாக இருக்கிறதா, சென்சார் கழன்று விழாமல் பிடிக்கிறதா, துடைப்பது சுலபமா என்று பார்த்தால் போதும். பட்டன் பேட்டரி உள்ளதென்றால் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். சிறு குழந்தை அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஒத்திகை

முதல் இரவுக்கு முன் பகலில் ஒத்திகை பாருங்கள். சென்சாரில் உப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். இருட்டில் திடீரென்று கேட்டால் பயந்துவிடுவார்கள். அப்புறம் பிள்ளை படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் அலாரத்தை ஒலிக்கவிடுங்கள். பிள்ளை எழுந்து, அதை நிறுத்தி, கழிப்பறை போய், திரும்பி வந்து, உடை மாற்றி, சென்சாரைத் துடைத்து மாட்டிப் படுக்கட்டும். தொடர்ந்து சில நாள் படுக்கும் முன் ஒருமுறை இதைச் செய்தால் இரவில் கை தானாகப் பழகிய வேலையைச் செய்யும்.

மெத்தைக்கு நீர் புகாத உறை போடுங்கள். அதன்மேல் ஒரு விரிப்பு, மறுபடி ஒரு நீர் புகாத ஷீட், மறுபடி ஒரு விரிப்பு என்று இரட்டையாக விரித்துவிட்டால் இரவில் மேலே உள்ளதை உருவி எடுத்தால் போதும், படுக்கை தயார். மாற்று உடை கைக்கெட்டும் இடத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் மங்கலான விளக்கு. டயபரை விட்டுவிட வேண்டும், அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சென்சாருக்கு வரவிடாது. உள்ளாடை இறுக்கமில்லாமல் உடலோடு ஒட்டியிருக்கட்டும். சென்சார் ஆண் பிள்ளைக்கு முன்பக்கம், பெண் பிள்ளைக்குக் கீழே நடுவில்.

இரவில் செய்ய வேண்டியது

அலாரம் அடித்ததும் நீங்கள் உடனே போக வேண்டும், முதல் ஒரு நிமிடத்துக்குள். வேறு எல்லாவற்றையும்விட இதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. முதல் வாரங்களில் பெற்றோரில் ஒருவர் அதே அறையில் படுப்பது உத்தமம். இருவரும் முறை வைத்துக்கொண்டால் ஒருவரே சோர்ந்துபோக மாட்டார்.

போனதும் அலாரத்தை நீங்கள் அணைக்காதீர்கள். ஒலிக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், உட்கார வையுங்கள், விளக்கைப் போடுங்கள், தேவைப்பட்டால் ஈரத்துணியால் முகத்தைத் துடையுங்கள். பிள்ளையின் கையாலேயே அணைக்க வையுங்கள், கையைப் பிடித்தாவது. கண் திறந்திருந்தால் விழித்துவிட்டான் என்று அர்த்தமில்லை. முந்தைய நாள் சாப்பிட்டதைக் கேளுங்கள், இருவரும் பேசிவைத்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்கள். பதில் தெளிவாக வந்தால்தான் விழிப்பு. பிறகு பிள்ளையே நடந்து கழிப்பறைக்குப் போகட்டும். ஏற்கெனவே எல்லாம் போயிருந்தாலும் போய் நின்று அல்லது உட்கார்ந்து முயலட்டும். திரும்பி வந்து உடை மாற்றி, சென்சாரைத் துடைத்து உலர்த்தி மாட்டிப் படுக்கட்டும். இரண்டாவது முறை அடித்தால் அதேதான். பிள்ளை மிகவும் களைத்துப்போகும் இரவுகளில் முதல் முறையோடு விட்டுவிடலாம்.

தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறுநீர் கழிக்கவைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அன்றைய விரிப்பு தப்பிக்கும், ஆனால் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. அலாரம் வைத்திருக்கும் காலத்தில் அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அலாரம் அடிக்க வாய்ப்பே கிடைக்காது.

நட்சத்திரம் ஒட்டுவது, சின்னப் பரிசு தருவது எல்லாம் பிள்ளையால் செய்ய முடிந்தவற்றுக்கு மட்டும்: எழுந்ததற்கு, அலாரத்தை அணைத்ததற்கு, விரிப்பு மாற்ற உதவியதற்கு. நனையாத இரவுக்குப் பரிசு என்றால் நனைந்த இரவு தண்டனையாகிவிடும், அது பிள்ளையின் கையில் இல்லாத விஷயம்.

வாரங்கள் போகப் போக

முன்னேற்றம் முதலில் நனையாத இரவாக வருவதில்லை. ஈரத்தின் அளவு சின்னதாகும். அலாரம் அடிக்கும் நேரம் தள்ளிப்போகும், ஒரு மணிக்கு அடித்தது நான்கு மணிக்கு அடிக்கும். இரண்டாவது முறை அடிப்பது நிற்கும். நீங்கள் போவதற்குள் பிள்ளை உட்கார்ந்திருக்கும். இவற்றை நோட்டில் எழுதாவிட்டால் கண்ணில் படாது, "இன்னும் நனைகிறதே" என்று மனம் விட்டுப்போகும். 4 வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டுங்கள். இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் தொடருங்கள். எதுவுமே இல்லையென்றால் மருத்துவரிடம் பேசுங்கள். முன்னேற்றம் இருந்தும் முழுதாக நிற்கவில்லையென்றால் 3 மாதம்வரை, சில சமயம் அதற்கு மேலும் தொடரலாம். சரியாகப் பயன்படுத்தும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அலாரம் வைத்திருக்கும் காலத்தில் நனைவது நிற்கிறது.

தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருந்தால்தான் அலாரத்தை எடுக்க வேண்டும். அப்போது பல பிள்ளைகள் இரவில் எழுவதுகூட இல்லை, விடியும்வரை தூங்கிவிடுகிறார்கள். பாடம் பதிந்துவிட்டது என்று அர்த்தம். எடுக்கும் முன் இன்னொரு படியும் உண்டு: அலாரத்தை மாட்டியபடியே, படுக்கும் முன் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கொடுத்து, அதையும் தாங்குகிறதா என்று பார்ப்பது. ஒன்றிரண்டு இரவு நனையலாம், பயப்பட வேண்டாம். இப்படிச் செய்த பிள்ளைகளுக்குப் பிரச்சினை திரும்ப வருவது குறைகிறது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு இதைச் செய்யவே கூடாது. அந்த மருந்தோடு அதிகத் தண்ணீர் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கி வலிப்புவரை போகலாம்.

சில மாதம் கழித்து மறுபடி நனைந்தால் மறுபடி அலாரம். பெரும்பாலும் இரண்டாவது தடவையும் பலன் தரும். முதல் தடவையே பலனில்லாமல் போயிருந்தால் ஆறு மாதமாவது விட்டுவிட்டுத் திரும்ப முயலலாம். சுற்றுலா, உறவினர் வீடு போன்ற நாட்களுக்கு டெஸ்மோபிரசின் மாத்திரை உதவும், ஆனால் நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. அலாரம் தாமதமாக வேலை செய்தாலும் அதன் பலன் நிலைப்பது கூடுதல்.

வீணாக அடிப்பதும் அடிக்காமல் இருப்பதும்

வியர்வையில் அடித்தால் அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள், உள்ளாடை பருத்தியாக இருக்கட்டும், சென்சாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணி வரும்படி மாட்டுங்கள். நனைந்தும் அடிக்கவில்லை என்றால் சென்சாரில் உப்புப் படிந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பேட்டரியையும் பாருங்கள். தோல் சிவந்தாலோ கருவி சூடானாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு

சின்ன வயதிலிருந்தே தொடரும் பெரியவர்களும் இதே முறையில், அதிர்வு அலாரத்தோடு முயலலாம். புதிதாகத் தொடங்கியது என்றால் முதலில் மருத்துவர். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தால் பை காலியாகாமல் வழிவது, நீரிழிவு, தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல.

முதியவருக்குத் தகவல் சொல்லும் அலாரம் வைப்பதென்றால், ஒலி அவர் பக்கத்தில் வேண்டாம், கவனித்துக்கொள்பவரிடம் இருக்கட்டும். மறதி நோய் உள்ளவர் சத்தத்தில் பதறி எழுந்து விழுந்துவிடக்கூடும். டயபரின் வெளியே ஒட்டும் சென்சாரும் கிடைக்கிறது. வைக்கும் முன் அவருக்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் கேளுங்கள், இது அவருடைய உடம்பு. அலாரம் அடித்ததும் தாமதிக்காமல் மாற்ற வேண்டும். ஈரத்தில் கிடந்தால் தோல் புண்ணாகும், படுக்கைப்புண்ணுக்கும் அது வழி. மென்மையாகத் துடைத்து, உலரவிட்டு, தோலைக் காக்கும் கிரீம் தடவுங்கள். அலாரம் அடிக்கும் நேரங்களை ஒரு வாரம் குறித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். தினமும் மூன்று மணி வாக்கில் அடிக்கிறதென்றால், இரண்டரைக்கே மெதுவாக எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகலாம்.

பகல்நேரக் கசிவுக்கு ஈர அலாரத்தைவிட நேரத்துக்கு அதிரும் கைக்கடிகாரம் நல்லது. பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். திடீரென்று சிறுநீர் முட்டிக்கொண்டு வரும் பெரியவர்கள் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, அது பழகியதும் கால் மணி நேரம் கால் மணி நேரமாக இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகலாம். கடிகாரம் அதிரும்போது முட்டாவிட்டாலும் போய்விட வேண்டும். அதற்கு முன்பே முட்டினால் ஓடாமல், அசையாமல் நின்று, சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசையைச் சில முறை இறுக்கிப் பிடித்து, அவசரம் தணிந்த பிறகு நடந்து போங்கள்.